வீட்டு எடை மெஷினில் சரியாக எடை பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இதயம் பம்ப் செய்யும் திறன் குறைந்து மருந்து சாப்பிடுகிறவர்களிடம் மருத்துவர்கள் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு: தினமும் காலையில் எடை பார்த்து எழுதி வையுங்கள். உடம்பில் நீர் தேங்க ஆரம்பித்தால், கால் வீங்குவதற்கும் மூச்சு வாங்குவதற்கும் முன்பே பெரும்பாலும் எடை ஏறிவிடும். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ ஏறினால் உடனே சொல்லுங்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. என் அப்பாவுக்கும் இப்படித்தான் சொன்னார்கள். அதன் பிறகுதான் எங்கள் வீட்டு எடை மெஷினை நான் உன்னிப்பாகக் கவனிக்க ஆரம்பித்தேன்.

அந்த ஒரு கிலோ ஏற்றத்தை நம்பி மருந்தளவை மாற்றப் போகிறார்கள் என்றால், மெஷின் வைத்த இடத்தாலும் நாம் நிற்கும் விதத்தாலும் வரும் ஏற்ற இறக்கம் அதைவிட மிகக் குறைவாக இருக்க வேண்டும். பல வீடுகளில் அப்படி இருப்பதில்லை. ஹாலில் ஒரு எண், படுக்கையறையில் இன்னொரு எண், கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் மூன்றாவது எண். ‘மெஷின் சரியில்லை’ என்று ஓரமாக வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் மெஷின் நன்றாகத்தான் இருக்கும்.

உடம்பைக் குறைக்க முயல்கிறவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், சாப்பிடப் பிடிக்காமல் மெலிந்துகொண்டே போகும் பாட்டியைக் கவனித்துக்கொள்கிறவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். வீட்டு மெஷினிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை அது நேர்மையாகக் காட்ட வேண்டும் என்பதைத்தான். அதற்கு இடம், நேரம், நிற்கும் முறை மூன்றையும் நாம் மாறாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

மெஷினுக்குள் என்ன நடக்கிறது

மெஷினைத் திருப்பிப் பாருங்கள். நான்கு மூலையிலும் நான்கு சின்னக் கால்கள் இருக்கும். ஒவ்வொரு காலுக்குள்ளும் ஒரு எஃகுத் துண்டு. அதன் மேல் மிக மெல்லிய உலோக இழை ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். நாம் ஏறி நின்றதும் எஃகு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது. அதோடு சேர்ந்து இழையும் நீள்கிறது. நீண்டால் அதன் மின்தடை கூடுகிறது. நான்கு கால்களிலும் ஏற்படும் இந்த மாற்றத்தைச் சேர்த்து ஒரு மின்னணுச் சில்லு (சிப்) கிலோவாக மாற்றிக் காட்டுகிறது. இந்த இழையை 1938-இல் அமெரிக்காவில் எட்வர்டு சிம்மன்ஸும் ஆர்தர் ரூஜும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். நிலநடுக்கம் வந்தால் உயரத்தில் கட்டிய தண்ணீர்த் தொட்டிகள் தாங்குமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் ரூஜ்.

இதைத் தெரிந்துகொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தானாகப் புரியும். எடை முழுவதும் அந்த நான்கு கால்கள் வழியாகத்தான் தரைக்கு இறங்க வேண்டும். வேறு எந்த வழியாக இறங்கினாலும், அதாவது மெஷினின் வயிறு தரைவிரிப்பில் அழுந்தினாலும், சுவரை ஒரு ஓரம் தொட்டாலும், நீங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாலும், அந்தப் பங்கு கணக்கில் வராது.

இன்னொன்று. திரையில் 68.4 என்று ஒரு புள்ளி வைத்துக் காட்டுவதால் மெஷின் 100 கிராம் வரை சரியாகச் சொல்கிறது என்று ஆகாது. 100 கிராம் என்பது திரையில் எண் ஏறி இறங்கும் மிகச் சின்ன அளவு (படி) மட்டும்தான். உண்மையான எடையிலிருந்து அது அரை கிலோ விலகியும் இருக்கலாம். தினமும் அதே அளவு, அதே பக்கம் விலகினால் நமக்குக் கவலையில்லை.

எங்கே வைப்பது

குளியலறையில் வேண்டாம். நம் வீடுகளில் குளியலறைத் தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சாய்த்துப் போடப்பட்டது. அந்தச் சாய்வால் எண்ணில் வரும் பிழை மிகச் சின்னதுதான். பெரிய ஆபத்து தண்ணீர். ஈரம் உள்ளே இறங்கினால் இழையும் சில்லும் கெடும். ஈரக்காலோடு கண்ணாடிப் பலகை மேல் ஏறினால் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். இடுப்பெலும்பு முறிந்தால் எடையெல்லாம் அப்புறம் யோசிக்கிற விஷயம்.

டைல்ஸ், மொசைக், கிரானைட், சிமெண்ட் தரை எல்லாமே நல்லவை. ஒரே நிபந்தனை: நான்கு கால்களும் ஒரே டைல்ஸில் உட்கார வேண்டும். இரண்டு டைல்ஸுக்கு நடுவில் உள்ள கோட்டின் மேல் ஒரு கால் வந்தால் மெஷின் லேசாக ஆடும். மெஷினின் மூலைகளை விரலால் மாறி மாறி அழுத்திப் பாருங்கள். டக் டக் என்று ஆடினால் இடத்தை மாற்றுங்கள். பழைய வீடுகளில் சிமெண்ட் தரை மேடும் பள்ளமுமாக இருக்கும். நாலைந்து இடத்தில் வைத்துப் பார்த்து ஆடாத இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கிடைத்ததும் தரையில் நான்கு மூலையிலும் பென்சிலாலோ ஒட்டுத்தாளாலோ குறி போட்டுவிடுங்கள். பெருக்கித் துடைக்கும்போது யாராவது நகர்த்தினாலும் அதே இடத்துக்குத் திரும்பி வரும். நான் சொல்லும் எல்லாவற்றிலும் குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது இந்தக் குறிதான்.

தரைவிரிப்பு, கால்மிதி, பாய், ரப்பர் விரிப்பு எதன் மேலும் வைக்கக் கூடாது. கால்கள் அதில் புதைந்து, மெஷினின் அடிப்பகுதி விரிப்பில் அழுந்தும். எடையின் ஒரு பங்கு அந்த வழியாகப் போய்விடும். மெஷின் பெரும்பாலும் குறைத்துக் காட்டும். எவ்வளவு குறைக்கும் என்பது நாளுக்கு நாள் மாறும் என்பதால் சரிசெய்து கணக்கிடவும் வழியில்லை.

ஏசி அறையிலிருந்து வெயில் படும் வராந்தாவுக்கு எடுத்துப் போன உடனே எடை பார்க்காதீர்கள். உலோகம் அறையின் வெப்பத்துக்கு வர நேரம் கொடுங்கள்.

ஏறுவதற்கு முன் பூஜ்யம்

பலரும் தவறவிடும் இடம் இது. இப்போது வரும் மெஷின்களில் தனியாக ஆன் பொத்தான் இருக்காது. ஏறினால் தானே விழித்துக்கொள்ளும். போன தடவை அணையும்போது குறித்துவைத்த பூஜ்யத்திலிருந்தே இந்தத் தடவையும் அது கணக்கைத் தொடங்கும். நடுவில் மெஷினை நகர்த்தியிருந்தாலோ, செங்குத்தாகச் சாய்த்து வைத்திருந்தாலோ அந்தப் பழைய பூஜ்யம் தவறாகிவிடும்.

அதனால் மெஷினை எடுத்து வைத்த பிறகு முதல் தடவை காட்டும் எண்ணை நம்பாதீர்கள். ஒரு காலால் நடுவில் நன்றாக அழுத்திவிட்டு எடுங்கள். திரையில் ஏதோ ஒரு எண் வரும், பிறகு 0.0 வரும், அப்புறம் அணைந்துவிடும். அணைந்த பிறகு ஏறுங்கள். அதுதான் உங்கள் எண். இடத்தை விட்டு நகர்த்தாத மெஷினுக்கு இது தேவையில்லை. ஆனாலும் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் தினமும் செய்துவிடுவது நல்லது.

கட்டிலுக்கு அடியில் மெஷினைத் தள்ளி, அதன் மேல் செருப்புப் பெட்டியோ பையோ வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். மேலே கனம் இருக்கும்போது விழித்துக்கொண்டால், அந்தக் கனத்தையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும் மெஷின்கள் உண்டு.

மெஷின் உண்மை சொல்கிறதா என்று சோதிப்பது

புதிதாக வாங்கியதும் ஒரு தடவை, பேட்டரி மாற்றியதும் ஒரு தடவை, மற்றபடி மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை. அரை மணி நேர வேலை.

முதலில், திரும்பத் திரும்ப ஒரே எண்ணைச் சொல்கிறதா என்ற சோதனை. ஏறுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், இறங்குங்கள், திரை அணையட்டும், மறுபடி ஏறுங்கள். இப்படி ஐந்து தடவை. ஐந்திலும் அச்சு மாறாமல் ஒரே எண் வந்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். பல மெஷின்கள் கடைசியாகக் காட்டிய எண்ணை நினைவில் வைத்திருக்கும். அடுத்த எடை அதற்கு மிக அருகில் வந்தால், அளந்ததைக் காட்டாமல் பழைய எண்ணையே காட்டிவிடும். ஒவ்வொரு தடவையும் எண் மாறினால் வாடிக்கையாளர் மெஷின் மேல் குறை சொல்வார் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. எடை குறைகிறதா என்று தினமும் பார்க்கிறவருக்கு இது நேரடி இடைஞ்சல், ஏனென்றால் 200 கிராம் குறைந்தாலும் மெஷின் நேற்றைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. உங்கள் எடையைப் பாருங்கள். இறங்கி, ஐந்து கிலோ கனமுள்ள ஏதாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். மெஷினின் நினைவில் இப்போது அந்தப் பெரிய எண் உட்கார்ந்துவிட்டது. மறுபடி தனியாக ஏறுங்கள். இப்போது வருவது புதிதாக அளந்த எண். இப்படி நடுநடுவே கனம் மாற்றி ஐந்து தடவை பார்த்து, அந்த ஐந்துக்குள் வித்தியாசம் 200 கிராமுக்குள் இருந்தால் மெஷின் நல்லது. அரை கிலோவுக்கு மேல் அலைந்தால் தரையையும் பேட்டரியையும் பாருங்கள். இரண்டும் சரி என்றால் மெஷினில்தான் கோளாறு. உங்கள் மெஷினுக்கு இந்த நினைவுப் பழக்கம் இருப்பது தெரிந்தால், தினமும் எடை பார்க்கும்போதும் முதலில் ஒரு கனத்தைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கிவிட்டு, அப்புறம் தனியாக ஏறுங்கள்.

அடுத்தது, ஒரு கிலோவை ஒரு கிலோ என்று காட்டுகிறதா என்ற சோதனை. தனியாக ஏறிக் குறித்துக்கொள்ளுங்கள். பிரிக்காத 10 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்தபடி மறுபடி ஏறுங்கள். வித்தியாசம் 10 கிலோவுக்கு 100, 200 கிராம் முன்பின் வர வேண்டும். (பையில் போட்டிருப்பது அரிசியின் எடை மட்டும், பையின் எடை அதற்கு மேல் கொஞ்சம் வரும்.) 26 கிலோ மூட்டையிலும் செய்யலாம், தூக்க முடிந்தவர்கள் மட்டும். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பைகளுக்கு ஜிஎஸ்டி வந்த பிறகு தமிழ்நாட்டுக் கடைகளில் பரவலான மூட்டை அது. இந்தச் சோதனையில் எனக்குப் பிடித்தது, மெஷினை உங்கள் எடை இருக்கும் இடத்திலேயே சோதிக்கிறது என்பதுதான். வெறும் ஐந்து கிலோவை மட்டும் வைத்துப் பார்த்தால், 70 கிலோவில் மெஷின் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாது.

கையில் வேறு எதுவும் இல்லையென்றால் தண்ணீர் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய 996 கிராம். அளந்து நிரப்பிய பத்து லிட்டர் தண்ணீர் பத்து கிலோவுக்கு 40 கிராம்தான் குறையும். வாளியின் எடையை மட்டும் தனியாகக் கழித்துக்கொள்ளுங்கள்.

கேஸ் சிலிண்டரில் காலி எடை பொறித்திருக்கும், அதோடு 14.2 கிலோ கேஸ் சேர்த்தால் மொத்த எடை தெரியும் என்பதால் சிலர் அதை வைத்துச் சோதிக்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் சிலிண்டரின் அடியில் உள்ள இரும்பு வளையம் கண்ணாடிப் பலகையைக் கீறும், விரிசலும் விழலாம். விரிசல் விட்ட கண்ணாடி மேல் நாளைக்கு ஒருவர் வெறுங்காலோடு ஏறுவார். வேண்டாம்.

மூன்றாவது, மூலைச் சோதனை. நீங்கள் மூலையில் ஏறி நிற்காதீர்கள், மெஷின் கவிழும். ஐந்து கிலோ அரிசிப் பையை ஒவ்வொரு மூலைப் பக்கமாக வைத்து எண்ணைப் பாருங்கள். நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் தனியாக விலகினால் அந்தக் காலைத் திருப்பிப் பாருங்கள். பல நேரங்களில் முடியோ மணலோ காய்ந்த பசையோ சிக்கியிருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் சரியாகிவிடும். காலின் ரப்பர் குமிழ் விழுந்திருந்தாலும் இதே பிரச்சினை வரும்.

கடைசியாக, உண்மையான எடையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற கேள்வி. இதற்கு முத்திரையுள்ள தராசு வேண்டும். வியாபாரத்துக்குப் பயன்படும் தராசுகளைச் சட்டப்படி குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பரிசோதித்து முத்திரை போட வேண்டும். வீட்டு மெஷினுக்கு அப்படி எதுவும் கிடையாது. அரிசி மண்டியில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு இருக்கும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு அதில் ஒருதரம் ஏறி நில்லுங்கள். வீட்டில் எடை பார்த்த கையோடு, அதே உடையில், வழியில் எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் போக வேண்டும். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதி மெஷினின் அடியில் ஒட்டிவிடுங்கள்: ‘600 கிராம் கூட்டிக் காட்டும்’. அவ்வளவுதான். அந்தக் காரணத்துக்காக மெஷினை மாற்ற வேண்டியதில்லை.

இங்கே ஒரு சுவையான விஷயம். இந்த மெஷின் அளப்பது பூமி நம்மை இழுக்கும் விசையை. அந்த இழுப்பு துருவத்தில் அதிகம், பூமத்தியரேகைப் பக்கம் குறைவு. இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 0.5 சதவீதம். துருவத்தில் 70 கிலோ என்று காட்டும் மெஷினைப் பூமத்தியரேகைக்குக் கொண்டுபோனால், அதே ஆளுக்கு 350 கிராம் போலக் குறைத்துக் காட்டும். வீட்டு உபயோகத்துக்கு இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்; ஓர் ஊரில் இருக்கும்வரை இந்தப் பிழை மாறாது.

ஏறி நிற்பது

வெறுங்கால், காய்ந்த பாதம். இரண்டு பாதத்தையும் நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் சமமாக வைத்து, எடை இரண்டு காலிலும் சமமாக இறங்கும்படி நில்லுங்கள். கைகள் பக்கவாட்டில் தொங்கட்டும். பார்வை நேராக இருக்கட்டும். குனிந்து எண்ணைத் துரத்தாதீர்கள். எண் இரண்டு மூன்று முறை மின்னி நின்ற பிறகு கண்ணை மட்டும் தாழ்த்திப் பாருங்கள். வயிறு மறைத்தால், பார்வை மங்கலாக இருந்தால், பக்கத்தில் ஒருவர் நின்று படித்துச் சொல்லட்டும். கடைசியாகக் காட்டிய எண்ணைச் சில நொடி வைத்திருக்கும் மெஷின் என்றால் இறங்கியும் பார்க்கலாம்.

தடுமாறுகிற பெரியவர்களுக்கு மெஷினின் முன்னால் கனமான நாற்காலி ஒன்றைப் போட்டு வையுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அதைப் பிடித்துக்கொள்ளட்டும். எண் நிற்கும் அந்த மூன்று நான்கு நொடி மட்டும் கையை எடுக்கச் சொல்லுங்கள். விரல் நுனியால் தொட்டுக்கொண்டு நின்றாலும் எண் குறையும். கையை எடுக்கவே முடியாதவருக்கு இந்த வகை மெஷின் பொருந்தாது. உட்கார்ந்தபடி எடை பார்க்கும் தராசு உள்ள மருத்துவமனையில் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு.

எந்த நேரம், எந்த உடை

காலையில் எழுந்து, கழிப்பறை போய்விட்டு வந்து, காபிக்கு முன். இதைவிட நல்ல நேரம் கிடையாது. இரவெல்லாம் சாப்பிடாமல் குடிக்காமல் இருந்த உடம்பு. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும். காலையில் முடியாத இரவுப் பணிக்காரர்கள் தூங்கி எழுந்த நேரத்தை வைத்துக்கொள்ளலாம்.

உடை எதுவாக இருந்தாலும் ஒரே மாதிரி உடையாக இருக்கட்டும். மெல்லிய நைட்டி, லுங்கி, ஷார்ட்ஸ் நல்லவை. ஜீன்ஸ் பேண்ட் தனியாகவே அரை கிலோவுக்கு மேல் இருக்கும். சட்டைப் பையில் இருக்கும் செல்போன் 200 கிராம். குளித்து முடித்த கையோடு பார்த்தால் ஈரத் துண்டும், நீளமான கூந்தலில் நிற்கும் தண்ணீரும் கணக்கில் சேரும்.

எண் ஏன் தினமும் ஆடுகிறது

இப்போது மெஷின் சரி, நிற்பதும் சரி. அப்படியும் நேற்று 68.2, இன்று 68.9. இரவோடு இரவாக 700 கிராம் சதை போட்டுவிட்டதா? இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டும் என்றால் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். 700 கிராமுக்கே 5,400 கலோரி. ஒரே இரவில் அவ்வளவு யாரும் சாப்பிட்டுவிட முடியாது. ஏறியதில் பெரும்பகுதி தண்ணீர்.

அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் அந்த நிமிடமே அரை கிலோ கூடும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, ஹோட்டல் சாம்பார் என்று உப்பு தூக்கலாகச் சாப்பிட்ட மறுநாள், அந்த உப்பு உடம்பில் நீரைப் பிடித்துவைக்கும். சோறும் இனிப்பும் அதிகமான நாளில் உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேமிக்கும். ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேரும். கல்யாண வீட்டில் இரண்டு வேளை சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ ஏறித் தெரிவதற்கு இந்த இரண்டும் முக்கியக் காரணம். இதே கணக்குத்தான் தலைகீழாகவும்: சோற்றை நிறுத்திய முதல் வாரத்தில் மூன்று கிலோ குறைந்தது என்று சொல்கிறவர்களுக்குக் குறைந்ததில் நிறையத் தண்ணீர். மறுபடி சோறு சாப்பிட்டதும் அது திரும்பி வரும். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு மனம் உடைந்துபோகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் ஒன்று, இரண்டு கிலோ வரை நீர் சேர்வது உண்டு. பிறகு தானே இறங்கும். அதனால் இந்த வாரத்தை போன வாரத்தோடு ஒப்பிடுவதைவிட, போன மாதத்தின் இதே வாரத்தோடு ஒப்பிடுவது அவர்களுக்குப் பொருத்தம். மலச்சிக்கல், முந்தைய நாள் கடுமையான உடற்பயிற்சி, பயணம் எல்லாமே எண்ணை ஏற்றும்.

இறங்குவதற்கும் காரணம் உண்டு. இரவு தூங்கும்போது ஒன்றும் செய்யாமலே எடை குறைகிறது. மூச்சுக்காற்றில் ஈரமும் கரியமில வாயுவும் போய்க்கொண்டே இருக்கின்றன, தோல் வழியாகவும் நீர் ஆவியாகிறது. இதை முதலில் அளந்து காட்டியவர் இத்தாலியின் சாண்டோரியோ என்ற மருத்துவர். தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் உட்கார்ந்து, தான் சாப்பிட்டது, கழித்தது எல்லாவற்றையும் பல வருடங்கள் நிறுத்துப் பார்த்து 1614-இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரு நாளில் எட்டுப் பங்கு உண்டு குடித்தால், அதில் ஐந்து பங்கு கண்ணுக்குத் தெரியாமலே வெளியேறிவிடுகிறது என்பது அவருடைய கணக்கு.

எழுதி வைப்பது, சராசரி பார்ப்பது

தினமும் இப்படி ஆடும் எண்ணிலிருந்து உண்மையைப் பிரித்தெடுக்க வாரச் சராசரிதான் வழி. ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுங்கள். ஒருவருடைய எண்கள் இப்படி என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம்: 68.4, 68.9, 68.2, 68.7, 69.1, 68.5, 68.3. சராசரி 68.6. அடுத்த வாரம்: 68.6, 68.1, 68.0, 68.8, 68.3, 67.9, 68.2. சராசரி 68.3.

முதல் வாரத் திங்கள் 68.4, இரண்டாம் வார வியாழன் 68.8. இந்த இரண்டை மட்டும் பார்த்தவர் 400 கிராம் ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார். உண்மையில் 300 கிராம் குறைந்திருக்கிறார், அதுவும் நாளுக்கு சுமார் 330 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் வரக்கூடிய நியாயமான வேகத்தில். தினமும் பார்ப்பது மனதை அலைக்கழிக்கிறது என்பவர்கள் வாரத்தில் மூன்று நாள், எப்போதும் அதே மூன்று நாள் பார்த்துச் சராசரி எடுக்கலாம். வாரத்தில் ஒரே ஒரு நாள் பார்ப்பதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த ஒரு நாள் கல்யாணத்துக்கு மறுநாளாக அமைந்துவிடும்.

இதய நோயாளிகளுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கும் இந்தச் சராசரிக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு அந்தந்த நாளின் எண்தான் முக்கியம். சராசரி எடுத்தால் எச்சரிக்கையே மறைந்துவிடும். அவர்கள் தினமும் பார்த்து, தினமும் எழுதி, மருத்துவர் சொன்ன எல்லையைத் தாண்டினால் அன்றைக்கே தொடர்புகொள்ள வேண்டும். உறுதிசெய்துகொள்வதற்கு ஒரே ஒரு தடவை பூஜ்யம் போட்டு மறுபடி ஏறிப் பாருங்கள். மறுபடியும் அதே எண் என்றால், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். மூச்சு வாங்குகிறது, படுக்க முடியவில்லை, கால் வீங்குகிறது என்றால் மெஷின் என்ன சொன்னாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நோட்டில் தேதி, எடை, பக்கத்தில் ஒரு வரி: ‘மாத்திரை விட்டுப்போனது’, ‘வெளியில் சாப்பாடு’. மருத்துவரிடம் காட்டும்போது அந்த ஒரு வரிதான் நிறைய உதவும்.

மருத்துவமனைத் தராசில் பார்த்த எண்ணையும் வீட்டு எண்ணையும் நேரடியாக ஒப்பிடாதீர்கள். அங்கே நீங்கள் சாப்பிட்டுவிட்டு, முழு உடையில், மதியத்தில் நிற்கிறீர்கள். இரண்டு கிலோ கூடத் தெரிவது சாதாரணம்.

கைக்குழந்தை, சூட்கேஸ்

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறி, அம்மாவின் எடையைக் கழிப்பது எல்லோரும் செய்வதுதான். ஒன்றிரண்டு வயதுக் குழந்தைக்குச் சரி. பிறந்த குழந்தைக்குப் போதாது. முதல் சில மாதங்களில் குழந்தை நாளுக்கு 20, 30 கிராம்தான் ஏறும். 100 கிராம் படியுள்ள மெஷினில் இரண்டு தடவை அளந்து கழித்தால், பிழை மட்டுமே ஒரு வார வளர்ச்சியை விழுங்கிவிடும். ஏறவில்லையே என்று தாய் வீணாகப் பயப்படுவார். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ குழந்தைகளுக்கான தராசில் பாருங்கள். பிறந்த முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் திரும்பி வருவதும் இயல்புதான்.

விமானத்துக்குப் போகும் சூட்கேஸுக்கு இதே கழித்தல் முறை போதும். எல்லைக்கு அரை கிலோ குறைவாக வைத்துக்கொண்டால் விமான நிலையத்தில் பெட்டியைப் பிரிக்க வேண்டியிருக்காது.

உடல் கொழுப்பு காட்டும் மெஷின்கள்

உலோகப் பட்டை பதித்த, செல்போன் ஆப்போடு சேரும் மெஷின்கள் பாதம் வழியாக மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, உடம்பின் தடையை அளக்கின்றன. அதோடு உயரம், வயது, ஆணா பெண்ணா என்பது எல்லாவற்றையும் சேர்த்துக் கொழுப்புச் சதவீதத்தை ஊகிக்கின்றன. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இவற்றில் ஏறக் கூடாது. கர்ப்பிணிகளும் இந்த வசதியைப் பயன்படுத்த வேண்டாம். மற்றவர்களுக்கு இந்தச் சதவீதம் மாதக்கணக்கில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க உதவும். அன்றாட எண்ணுக்குப் பெரிய மதிப்பு இல்லை, பாதம் ஈரமாக இருந்தாலே அது மாறும். ஆப் காட்டும் பிஎம்ஐ வகைப்பாட்டிலும் கவனம் தேவை. பல ஆப்கள் 25 வரை இயல்பு என்று காட்டும். இந்தியர்களுக்கென்று 2009-இல் வந்த மருத்துவப் பரிந்துரைப்படி 23-லேயே அதிக எடை தொடங்குகிறது, 25-லிருந்து உடல் பருமன்.

திடீரென்று விசித்திரமான எண் வந்தால்

68 கிலோ ஆள் திடீரென்று 150 என்று பார்த்தால் பதற வேண்டாம். அடியில் உள்ள அலகுப் பொத்தான் அழுந்தி, மெஷின் பவுண்டுக்கு மாறியிருக்கும். ஒரு கிலோ 2.2 பவுண்டு. 10 அல்லது 11 போல வந்தால் அது ஸ்டோன் என்ற பிரிட்டிஷ் அளவு. பொத்தானை மறுபடி அழுத்திக் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள்.

‘லோ’ என்று காட்டினால் பேட்டரி. அது வருவதற்கு முன்பே, எண் நிற்காமல் அலைவதும் திரை மங்குவதும் அறிகுறிகள். பேட்டரியை மாற்றும்போது எல்லாவற்றையும் சேர்த்துப் புதிதாக மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலக்க வேண்டாம். காசு வடிவப் பேட்டரி போடும் மெஷின் என்றால், கழற்றியதைச் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் உடனே அப்புறப்படுத்துங்கள். அதை விழுங்கினால் உணவுக்குழாயைச் சில மணி நேரத்தில் அரித்துவிடும்; காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அவசரம் அது. இந்த ஒரு காரணத்துக்காகவே, சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் பென்சில் பேட்டரி போடும் மெஷினை நான் சொல்வேன்.

‘எர்ர்’ என்று வந்தால் ஏறியவரின் எடை மெஷினின் எல்லையைத் தாண்டியிருக்கலாம், அல்லது அது பூஜ்யம் பிடிக்கும்போது அசைந்திருக்கலாம். எல்லை எவ்வளவு என்று அடியில் அச்சிட்டிருப்பார்கள். பல மெஷின்களில் 150 அல்லது 180 கிலோ. பேட்டரியைக் கழற்றி ஒரு நிமிடம் கழித்துப் போட்டு, மறுபடி பூஜ்யம் போட்டுப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் அரிசிப் பைச் சோதனையில் பத்து கிலோவுக்கு அரை கிலோ விலகினாலோ, துடைத்தும் ஒரு மூலை ஒத்துவராமல் இருந்தாலோ, கண்ணாடியில் முடி அளவு விரிசல் தெரிந்தாலோ மெஷினை மாற்றிவிடுங்கள். புதியது வந்ததும் பழைய எண்களோடு நேரடியாகத் தொடர வேண்டாம். பழையது இன்னும் ஓரளவு வேலை செய்தால், ஒரு வாரம் இரண்டிலும் அடுத்தடுத்து எடை பார்த்து, வித்தியாசத்தை நோட்டில் ஒரு கோடு போட்டு எழுதிவிட்டு, அதற்குக் கீழே புதிய எண்களைத் தொடங்குங்கள்.